கேட்பாரற்ற நெருக்கடிகளுக்குப் படியளக்கும் கணக்கு

சுனாமி நிவாரணம் குறித்துப் பின்னால் வெளிவந்த சர்வதேசக் கூட்டு மதிப்பாய்வில் இரண்டு எண்கள் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி அடித்த கரைகளுக்கு வந்த பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் தலைக்கு வகுத்தால் 7,100 டாலருக்கு மேல் வருகிறது. அதே ஆண்டு வங்கதேசத்தில் வந்த பெருவெள்ளத்துக்கு இதே கணக்கைப் போட்டால் தலைக்கு 3 டாலர். நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழைய துணி மூட்டைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு முதல் எண் ஆச்சரியம் தராது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு வாரம் போல ஆனதுமே, சுனாமிக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று நன்கொடையாளர்களிடம் சொல்லிவிட்டது. உதவித் துறையில் அப்படிச் சொன்னவர்கள் அபூர்வம்.

கேமரா போகிற இடத்துக்குப் பணமும் போகும். போகாத இடங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஐ.நா. வைத்திருக்கும் பதில், செர்ஃப் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மத்திய அவசரகால உதவி நிதியம். அதற்குள் 'நிதி குறைந்த நெருக்கடிகள்' என்று தனியாக ஒரு கல்லா இருக்கிறது. செய்தித்தாளில் 'ஐ.நா. 10 கோடி டாலர் விடுவிப்பு' என்று நான்கு வரியில் வந்து போகிற செய்தியில் பாதி இந்தக் கல்லாவிலிருந்து போகும் பணம்தான். யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவாகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பழைய தவறு. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானத்தில் இந்த நிதியத்தின் மூதாதை பிறந்தது. அது 5 கோடி டாலர் சுழல்நிதி, அதாவது கடன். அமைப்புகள் அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், கொடையாளி நாடுகளின் பணம் வந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் வாங்குகிற அதிகாரி என்ன யோசிப்பார்? திருப்பிக் கட்டப் பணம் வருமா என்று. உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் நெருக்கடிக்குப் பணம் வருவது நிச்சயம், அதற்குத் தைரியமாகக் கடன் வாங்கலாம். யாரும் பார்க்காத நெருக்கடிக்கு வாங்கினால் கடன் அவர் தலையில் நிற்கும். ஆக, எந்த இடங்களுக்கு இந்த நிதி மிகவும் தேவைப்பட்டதோ அந்த இடங்களுக்கே போகாதபடி அமைந்துவிட்டது.

2005 டிசம்பர் 15 அன்று பொதுச்சபை இதை மாற்றி, திருப்பித் தர வேண்டாத மானியத்தைச் சேர்த்தது. அப்போது அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் யான் எகெலண்ட். 2006 மார்ச்சில் புதிய நிதியம் நடைமுறைக்கு வந்தது. கடன் பகுதி இப்போதும் ஓரமாக உண்டு, ஆனால் பேச்செல்லாம் மானியத்தைப் பற்றித்தான். மானியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திடீர்ப் பேரிடர்களுக்கான விரைவு உதவிக்குப் போகிறது. மீதி ஒரு பங்கு நிதி குறைந்த நெருக்கடிகளுக்கு, வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று, ஆகஸ்ட்-செப்டம்பர் வாக்கில் இன்னொன்று. நிதியத்தின் ஆண்டு இலக்கு முதலில் 45 கோடி டாலராக இருந்தது. 2016-இல் அதை 100 கோடியாக உயர்த்தினார்கள். அந்த 100 கோடியை இதுவரை ஒரு வருடமும் தொட்டதில்லை.

விரைவு உதவியில் நாட்டிலிருந்து கோரிக்கை வரும், ஐ.நா. தலைமையகத்தில் பரிசீலிப்பார்கள். நிதி குறைந்த நெருக்கடிகளுக்கு அப்படி இல்லை. எந்த நாடும் மனுப் போட முடியாது. தலைமையகத்தில் பட்டியல் தயாராகி, உங்கள் நாட்டுக்கு இத்தனை என்று கடிதம் போகும். அதனால்தான் பட்டியல் தயாராகும் விதத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

சதவீதம் என்னும் சல்லடை

தொடக்கம் எளிய வகுத்தல். ஒவ்வொரு நெருக்கடி நாட்டுக்கும் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுத் திட்டம் ஒன்று போடுகின்றன. இத்தனை பேருக்கு, இன்னின்ன உதவி, இத்தனை டாலர் என்று. வந்த பணத்தைக் கேட்ட பணத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் கிடைக்கும். எல்லாத் திட்டங்களின் சராசரிக்குக் கீழே நிற்கிற நாடுகள் அடுத்த கட்டத்துக்குப் போகின்றன. ஆண்டுத் தொடக்கச் சுற்றில் அந்த ஆண்டுத் திட்டத்துக்கு இன்னும் யாரும் பணம் தந்திருக்க மாட்டார்கள், எல்லாமே பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே முந்தைய ஆண்டின் வரவைப் பார்க்கிறார்கள். இரண்டாம் சுற்றில் நடப்பு ஆண்டின் பாதி வரவு கையில் இருக்கும்.

வந்த பணம் எவ்வளவு என்று எங்கிருந்து தெரிகிறது? எஃப்.டி.எஸ். எனப்படும் நிதித் தடமறியும் தளத்திலிருந்து. ஐ.நா.வின் ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா 1992 முதல் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. கொடுத்தவரோ வாங்கியவரோ தாமாகச் சொன்னால்தான் கணக்கில் ஏறும். ஜூலையில் வந்த பணத்தை செப்டம்பரில் சொல்கிற அமைப்பு உண்டு. நேரடியாக அரசுக்கோ தங்கள் நாட்டு அறக்கட்டளைக்கோ கொடுத்துவிட்டு எதையும் சொல்லாத அரசுகளும் உண்டு. ஒரு அமைப்பின் தலைமையகத்துக்கு 'எங்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள்' என்று வந்த பணம், எந்த நாட்டுக்கு என்று பிரியும் வரை எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. அதே நேரம் மாநாட்டு மேடையில் அறிவிக்கும் வாக்குறுதித் தொகையை அந்தச் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. ஒப்பந்தமான தொகையும் கைக்கு வந்த தொகையும்தான் சேரும். மேடை வாக்குறுதிகளின் கதி தெரிந்தவர்களுக்கு இந்த விதி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

வகுபடும் எண்ணில் இத்தனை ஓட்டை என்றால், வகுக்கும் எண்ணில் இன்னொரு வில்லங்கம். 'அ' என்ற நாடு 100 கோடி டாலர் கேட்டு 30 கோடி பெற்றது என்று வையுங்கள். 30 சதவீதம். 'ஆ' என்ற நாடு 20 கோடி கேட்டு 7 கோடி பெற்றது. 35 சதவீதம். சல்லடையில் 'அ' தான் ஏழை. இப்போது 'அ'-வில் உதவி தேவைப்படுவோர் 1 கோடிப் பேர், 'ஆ'-வில் 40 லட்சம் பேர் என்று சேர்த்துப் பாருங்கள். தலைக்கு 'அ'-வில் 30 டாலர், 'ஆ'-வில் 17.50 டாலர். 'ஆ' நாட்டில் திட்டம் போட்டவர்கள் கிடைக்காததை ஏன் கேட்பானேன் என்று சிக்கனமாகக் கேட்டதற்குத் தண்டனை, பட்டியலில் பின்வரிசை. தாராளமாகக் கேட்டவருக்கு முன்வரிசை. இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே ஊதிப் பெருக்குகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் செலவைக் கணக்கிடும் முறையே வேறு. ஒரு நாட்டில் திட்டம் திட்டமாகக் கூட்டுவார்கள், இன்னொன்றில் ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் எப்படி நேராக நிற்கும்?

இது செர்ஃப் செயலகத்துக்குத் தெரியாததல்ல. அதனால்தான் சதவீதத்தோடு நிறுத்தாமல் இரண்டாவதாக ஆபத்தையும் பலவீனத்தையும் அளக்கும் ஒரு குறியீட்டை வைத்திருக்கிறார்கள். அதன் முதுகெலும்பு இன்ஃபார்ம் குறியீடு. இயற்கைச் சீற்றமும் மோதலும் எவ்வளவு, மக்கள் எவ்வளவு நலிந்திருக்கிறார்கள், தாக்குப்பிடிக்கும் அரசு அமைப்பு எவ்வளவு குறைவு என்று மூன்று பக்கத்திலிருந்து பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும். அது மெதுவாக நகரும் எண் என்பதால் உணவுப் பஞ்சம், மோதல், மனித உரிமை நிலவரம் போன்ற, மாதக்கணக்கில் மாறக்கூடிய அளவைகளையும் அதனோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆண்டுத் திட்டமே இல்லாத நாடுகள் என்ன ஆகும்? கேட்ட தொகை இல்லாததால் சதவீதமும் இல்லை. வட கொரியா பலமுறை இந்தக் கல்லாவிலிருந்து பணம் பெற்றிருப்பது இன்னொரு வாசல் வழியாக. உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், அகதிகள் ஆணையம் போன்ற அமைப்புகளின் தலைமையகப் பிரதிநிதிகள் கூடி, இந்த நாட்டில் எங்கள் வேலை பணமின்றி நிற்கிறது என்று பெயர் கொடுப்பார்கள். அந்தப் பெயர்களும் சேர்ந்து ஆய்வுக்குப் போகும். இந்த வாசலில் எண்ணைவிட வாதத்திறமைக்கு இடம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் எண்கள் பேசாத விஷயங்களைப் பார்ப்பார்கள். உள்ளே போய் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, போன முறை கொடுத்ததைச் செலவழித்தார்களா, நாட்டளவிலான வேறு கூட்டு நிதியில் இருப்பு உண்டா என்று. பட்டியலும் தொகையும் அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தில் முடிகின்றன. குழு வாக்கெடுப்பு எதுவும் கிடையாது. 2024 நவம்பரிலிருந்து அந்தப் பொறுப்பில் இருப்பவர் டாம் ஃப்ளெச்சர்.

2024-இன் இரண்டு பட்டியல்கள்

அந்த ஆண்டு பிப்ரவரியில் 10 கோடி டாலர் 7 நாடுகளுக்குப் பிரிந்தது. சூடான், சிரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்றுக்கும் தலா 2 கோடி, சாடுக்கு 1.5 கோடி, நைஜருக்கு 1 கோடி, லெபனானுக்கு 90 லட்சம், ஹோண்டுராஸுக்கு 60 லட்சம். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு 10 கோடி, இம்முறை 10 நாடுகளுக்கு. ஏமனுக்கு 2 கோடி, எத்தியோப்பியாவுக்கு 1.5 கோடி, மியான்மருக்கு 1.2 கோடி, மாலிக்கு 1.1 கோடி, புர்கினா ஃபாசோவுக்கு 1 கோடி, ஹைட்டிக்கு 90 லட்சம், கேமரூனுக்கும் மொசாம்பிக்குக்கும் தலா 70 லட்சம், புருண்டிக்கு 50 லட்சம், மலாவிக்கு 40 லட்சம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாடுகூட இரண்டிலும் இல்லை. முதல் சுற்றில் வாங்கியவருக்கு இரண்டாம் சுற்றில் இலை போடவில்லை. ஆனால் முந்தைய, பிந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் வேறு படம் தெரிகிறது. 2023 செப்டம்பர் பட்டியலில் இருந்த ஏமன், மியான்மர், மாலி, புர்கினா ஃபாசோ, ஹைட்டி எல்லாம் 2024 ஆகஸ்டிலும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வாங்கிய சூடான், சாட், நைஜர், ஹோண்டுராஸ் 2025 மார்ச்சில் திரும்ப வருகின்றன. அவசரகால நிதி என்று பெயர். நடப்பில் ஆண்டுக்கொரு முறை வந்து போகிற வாடிக்கைப் பட்டியல். இதைச் செர்ஃபின் குறை என்று சொல்ல மாட்டேன். அந்த நாடுகளின் நிதி வறட்சி கொடையாளிகளின் பார்வையில் நிரந்தரமாகிவிட்டது என்பதன் அடையாளம் அது.

தொகையின் அளவையும் பார்க்க வேண்டும். 2024-இல் ஏமன் திட்டம் கேட்டது 270 கோடி டாலர். 2 கோடி என்பது அதில் முக்கால் சதவீதம்கூட இல்லை. மியான்மர் கேட்டது 99.4 கோடி, கிடைத்த 1.2 கோடி அதில் 1.2 சதவீதம். ஹைட்டி கேட்டது 67.4 கோடி, 90 லட்சம் அதில் 1.3 சதவீதம். ஒட்டகத்துக்கு ஒரு கைப்பிடிப் புல். ஓட்டையை அடைக்க இந்தப் பணத்தால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நாடு, துறை, பெயர்ப்பலகை என்று எந்த நிபந்தனையும் கட்டாமல், விரைவாக, வேறு யாரும் தர விரும்பாத வேலைக்குத் தர முடியும். அந்தப் பலத்தைப் பயன்படுத்துகிறார்களா இல்லையா என்பது அடுத்த கட்டத்தில், நாட்டுத் தலைநகரில் நடக்கும் கூட்டத்தில்தான் முடிவாகிறது.

பந்தியில் எத்தனை இலை

கடிதம் நாட்டிலுள்ள ஐ.நா. ஒருங்கிணைப்பாளருக்கு வரும். தொகை, கவனிக்க வேண்டிய பகுதி, எந்தத் தேதிக்குள் திட்டம் வேண்டும் என்று அதில் இருக்கும். அவர் எல்லா அமைப்புகளின் தலைவர்களையும் கிளஸ்டர் பொறுப்பாளர்களையும் கூட்டுவார். கிளஸ்டர் என்பது துறைவாரிக் குழு. உணவு, சுகாதாரம், தண்ணீர்-கழிப்பறை, தங்குமிடம், பாதுகாப்பு, கல்வி, ஊட்டச்சத்து என்று. முதலில் எந்த மாவட்டம், எந்த மக்கள், என்ன தேவை என்று ஒரு பொது உத்தி எழுத வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகுதான் ஒவ்வொரு அமைப்பும் தன் திட்டத்தை எழுத வேண்டும். காகிதத்தில் வரிசை இப்படி. கூட்டத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். முதலில் யாருக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு, அதற்குப் பொருந்தும்படி உத்தியைப் பின்னால் எழுதுவார்கள்.

பகை வேண்டாம் என்று எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது இங்கே நடக்கும் முதல் கோளாறு. 50 லட்சம் டாலரை ஐந்து அமைப்புகளுக்குத் தலா 10 லட்சம் என்று போட்டதாக வைத்து ஒன்றை மட்டும் கடைசிவரை பின்தொடர்வோம். அமைப்பின் தலைமையகம் நேரடிச் செலவின் மேல் 7 சதவீதம் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே நேரடிச் செலவுக்கு நிற்பது சுமார் 9,34,600 டாலர். ஊழியர் சம்பளம், வண்டி, டீசல், பட்டியல் எடுப்பது, மொபைல் பணப் பரிமாற்றக் கட்டணம், கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் 2 லட்சத்துச் சொச்சம் போனதாகக் கொள்வோம். மீதி 7,30,000. குடும்பத்துக்கு மாதம் 60 டாலர் வீதம் மூன்று மாதம் ரொக்கமாகத் தந்தால் ஒரு குடும்பத்துக்கு 180 டாலர். சுமார் 4,000 குடும்பங்களோடு தீர்ந்துவிடும். இதையே இன்னும் மூன்று மாவட்டத்துக்குப் பரப்பினால் ஒவ்வொன்றிலும் தனி அலுவலகம், தனி வண்டி, தனிப் பட்டியல். குடும்பங்களின் எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் கீழே இறங்கும். அதே பணத்தை இரண்டு அமைப்புகளிடம், ஒரே மாவட்டத்தில், தண்ணீரும் ரொக்கமும் சேர்ந்து கிடைக்கிற மாதிரிக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. மூன்று அமைப்புகளுக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒருங்கிணைப்பாளர் இருக்கும் நாட்டில் இந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்யும்.

இரண்டாவது கோளாறு, துறைகளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு. நாடு மொத்தமாக 35 சதவீதம் என்றால் உணவுக்கு 50, பெண்கள் மீதான வன்முறையிலிருந்து காப்பதற்கு 12 என்று இருக்கலாம். சராசரி அதை மறைத்துவிடும். கூட்டத்திலோ உணவுக்காரர் குரல்தான் பெரிது. கிடங்கு, லாரி, எண்கள் எல்லாம் அவரிடம் தயார். இதைப் பார்த்துத்தான் அப்போதைய அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் மார்க் லோகாக் 2019-இல் நான்கு விஷயங்களைத் தனியாகக் குறித்துக் கொடுத்தார்: பெண்கள், சிறுமிகளுக்கான உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்கள், நீண்டகால நெருக்கடிகளில் கல்வி, பாதுகாப்பின் மற்ற அம்சங்கள். அதன் பிறகு இந்த நான்கும் திட்டங்களில் தவறாமல் எழுதப்படுகின்றன. எழுதப்படுவதும் பட்ஜெட் வரியாக மாறுவதும் ஒன்றல்ல. மாற்றுத்திறனாளிகள் என்ற சொல் முன்னுரையில் ஆறு முறை வந்து, பட்ஜெட்டில் ஒரு சாய்தளத்துக்குக்கூடப் பணம் இல்லாத திட்டத்தைப் பரிசீலிப்பவர் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

திட்டம் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. உயிர்காக்கும் உதவி எது என்று செர்ஃப் தனியாக வரையறை வைத்திருக்கிறது, 2020-இல் புதுப்பித்தது. நெருக்கடியில் உடைந்த ஆழ்துளைக் குழாயைச் சரிசெய்வது அதில் அடங்கும். ஊருக்கு நிரந்தரக் குடிநீர்த் திட்டம் கட்டுவது அடங்காது. திட்டத்தில் 'திறன் மேம்பாட்டுப் பயிற்சி' என்ற வரி பெரிதாக இருந்தால் கேள்வி வரும். கார் வாங்குவது, முன்பே நடந்து முடிந்த செலவை இதில் ஏற்றுவது, 'இதர செலவு' என்று மொத்தமாகப் போடுவது எல்லாம் அப்படித்தான். ஒரு கூடாரத்தின் விலையை ஒரு அமைப்பு ஒரு மாதிரியும் பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு அமைப்பு இரட்டிப்பாகவும் எழுதியிருந்தால், இரண்டு கோப்புகளையும் ஒரே ஆள் படிக்கிறார் என்பதை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மழைக்கு முன்னா, பின்னா

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட் நாட்டின் கிழக்கு எல்லையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியதிலிருந்து எல்லை தாண்டி அட்ரே நகரப் பக்கம் வந்தவர்கள், 2024 பிப்ரவரிக்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதற்கு முன்பே 2003 முதல் டார்ஃபூரிலிருந்து வந்த அகதிகள் லட்சக்கணக்கில் அங்கே இருந்தார்கள். சாடுக்குக் கடற்கரை கிடையாது. கப்பலில் வரும் தானியம் கேமரூனின் டுவாலா துறைமுகத்தில் இறங்கி, லாரியில் என்ஜமேனா வந்து, நாட்டின் குறுக்கே அபெஷே வரை போய், அங்கிருந்து எல்லை முகாம்களுக்குப் பிரிய வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. கோடை முழுக்க மணலாகக் கிடக்கும் காட்டாறுகள் அப்போது ஓடத் தொடங்கும். பாலம் கிடையாது. லாரி கரையில் நாள்கணக்கில் நிற்கும். அந்த மாதங்கள்தான் அறுவடைக்கு முந்தைய பசி மாதங்களும்.

பிப்ரவரியில் 1.5 கோடி டாலர் அறிவிப்பு வருகிறது. உத்தி எழுத, திட்டம் எழுத, விமர்சனம் வாங்கித் திருத்த, கையெழுத்தாக, பணம் தலைமையகத்திலிருந்து நாட்டு அலுவலகத்துக்கு வர என்று வாரங்கள் ஓடும். மார்ச் கடைசியில் பணம் வந்தால், அருகில் எங்கேனும் இருப்பில் உள்ள தானியத்தை வாங்கி மே மாதத்துக்குள் கிழக்கே சேர்த்துவிடலாம். மே கடைசியில் வந்தால் அதே பணம் செப்டம்பர் வரை கரையில் காத்திருக்கும் மூட்டைதான். இதனால்தான் அனுபவசாலிகள் அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. உணவுத் திட்டம் போன்ற பெரிய அமைப்புகள் வரப்போகும் பணத்தை நம்பி, தங்கள் உள்கடனில் கொள்முதலை முன்கூட்டியே தொடங்கிவிடும். சின்ன அமைப்புகளிடம் அந்த வசதி கிடையாது.

தொண்டு நிறுவனங்களின் பாடு இன்னும் ஒரு படி பின்னால். செர்ஃப் பணத்தை ஐ.நா. அமைப்புகளுக்கு மட்டுமே நேரடியாகத் தர முடியும். உள்ளூர் நிறுவனம் துணை ஒப்பந்தக்காரராகத்தான் உள்ளே வரும். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படிக் கைமாறுகிறது. ஐ.நா. அமைப்புக்குப் பணம் வந்த நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அது தன் கூட்டாளியோடு ஒப்பந்தம் போட்டு முதல் தவணை அனுப்ப இரண்டு மூன்று மாதம் ஆனால், வேலை செய்பவருக்கு மிஞ்சுவது அரைகுறைக் காலம். ஏற்கெனவே நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் ஒரு திருத்தமாகச் சேர்த்தால் வாரங்களில் முடியும். புது ஒப்பந்தம் என்றால் மாதங்கள். திட்டத்தை எழுதும்போதே கூட்டாளியின் பெயரையும் தொகையையும் குறிப்பிட்டு, ஒப்பந்த வரைவைத் தயாராக வைத்திருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகப் பணம் தரக்கூடிய, நாட்டுக்கு நாடு தனியாக இயங்கும் கூட்டு நிதிகள் ஏமன், ஆப்கானிஸ்தான், தெற்கு சூடான் போன்ற இடங்களில் இருக்கின்றன. 

சராசரியே மூழ்கினால்

இவ்வளவும் ஒரு நிதானமான காலத்துக்குப் போட்ட விதிகள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஐரோப்பிய நாடுகள் பலவும் குறைத்துக்கொண்டிருந்தன. அந்த மார்ச்சில் 10 நாடுகளுக்கு 11 கோடி டாலர் அறிவித்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு சூடானுக்கும் சாடுக்கும். ஜூனில் உலகளாவிய 4,700 கோடி டாலர் கோரிக்கையிலிருந்து மிக அவசரமானதை மட்டும் வடிகட்டி, 11.4 கோடிப் பேருக்கு 2,900 கோடி என்று ஒரு சுருக்கப் பட்டியல் வந்தது. ஆண்டு முடிவில் வந்து சேர்ந்தது சுமார் 1,200 கோடி. இப்போது வகுத்துப் பாருங்கள். 4,700-ஆல் வகுத்தால் 25.5 சதவீதம், 2,900-ஆல் வகுத்தால் 41. கேள்வியை மாற்றியதும் விடை நல்லதாகிவிட்டது.

முறையின் அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது. சராசரிக்குக் கீழே இருப்பவரைத் தேடும் சல்லடை, சராசரி 40-இல் இருக்கும்போது அர்த்தமுள்ளது. 40 கிடைத்தவர் ஓரளவு சமாளிப்பார், 20 கிடைத்தவருக்குக் கொடு என்கிறது. சராசரியே 20-க்கு இறங்கினால், 22 சதவீதம் வாங்கிய நாடு 'சராசரிக்கு மேல்' என்று வெளியே தள்ளப்படும். அங்கே பட்டினி கிடப்பவருக்கு அந்தப் பெருமையால் ஒரு பயனும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தச் சூழலில் சதவீதத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, தேவையில் இருக்கும் ஒரு தலைக்கு எவ்வளவு வந்தது என்பதையும், உணவுப் பஞ்சத்தின் தீவிரப் படிநிலையையும் முன்னால் வைப்பதுதான் நியாயம். ஐரோப்பிய ஆணையம் தன் ஆண்டு உதவி பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதத்தை மறக்கப்பட்ட நெருக்கடிகளுக்கு ஒதுக்குவது வேறொரு வழி. அங்கே ஊடகக் கவனத்தையும் ஒரு அளவையாகச் சேர்க்கிறார்கள். அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

திட்டக் காலம் முடிந்ததும் செலவழியாத பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நீட்டிப்பு வேண்டுமென்றால் முடியும் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும், வெளியில் நடந்த காரணத்தைக் காட்ட வேண்டும். சாலை மூடியது காரணமாகும். ஆள் எடுக்கத் தாமதமானது ஆகாது. மூன்று மாதத்துக்குள் நாட்டின் எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரே அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் நான் முதலில் தேடிப் பார்ப்பது உதவி பெற்றோர் எண்ணிக்கையை எப்படிக் கூட்டினார்கள் என்பதை. ஒரே முகாமில் தண்ணீர் 20,000 பேருக்கு, சோளம் 15,000 பேருக்கு, மருத்துவம் 9,000 பேருக்கு என்றால் உதவி பெற்றவர்கள் 44,000 பேர் அல்ல. அவர்களே இவர்கள். ஆகப்பெரிய எண்ணான 20,000-ஐத்தான் எழுத வேண்டும். செய்திக் குறிப்புக்குப் போகும்போது அது எப்படியோ 44,000 ஆகிவிடுகிறது.